கால் தரையில் படாமல்

— கீழ பாக்காதீங்க டெய்லரம்மா. என் மூஞ்சியைப் பாருங்க.

— உங்க மூஞ்சியைப் பாத்தா இன்னும் பயமா இருக்கு கண்டக்டரே. வேர்த்து ஊத்துது. பின்பக்கமா இறங்குறீங்களே, படி எங்க இருக்குன்னு தெரியுதா?

— ஓடுற பஸ்ஸுல கம்பியைக்கூடப் பிடிக்காம நின்னு டிக்கெட் கிழிச்சவன் நான். இந்தப் படி பாவம், ஓடாம ஒரே இடத்துல நிக்குது. இதுல போய் விழுவேனா? சிஸ்டர், நாற்காலி முதுகை நல்லாப் பிடிச்சிருக்கீங்களா?

— பிடிச்சிருக்கேன் அண்ணே. நீங்க அவசரப்படாதீங்க, சரியா? ஒரு படி இறங்கணும், நிக்கணும். அப்புறம்தான் அடுத்த படி. அக்கா, கட்டுப் போட்ட காலை நேரா நீட்டியே வச்சுக்கோங்க. சுவர்லயோ கம்பியிலயோ இடிச்சிடக் கூடாது.

— நேரா நீட்டினா கண்டக்டர் வயித்துல போய் முட்டுது கண்ணு.

— முட்டட்டும், முட்டட்டும். தினம் காலையில என் பின்னாடி நடந்து இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் இளைச்சாச்சு. நடத்திக் கூட்டிப் போற நான் மட்டும் அப்படியே இருக்கேன்னு கிளினிக் டாக்டர் கிண்டல் பண்றார். இன்னைக்கு இந்த வயிறு மெத்தையா உதவுது பாருங்க. ஹோல்டான்! திருப்பம் வருது. சிஸ்டர், நீங்க சுவர்ப்பக்கம் ஒதுங்குங்க. ஆங்... ரைட், போலாம்.

— என்னைப் பஸ்ஸாவே ஆக்கிட்டார் இந்த மனுஷன்.

— பஸ்ஸா இருந்தாத் தள்ளிவிட்டாப் போதும் டெய்லரம்மா. உங்களைத் தூக்க வேண்டியிருக்கே.

— அண்ணே, சிரிக்க வைக்காதீங்க ப்ளீஸ். கை வழுக்குது.

— இதுக்குத்தான் நாற்காலிக்குப் பட்டை தைச்சுக் குடுத்தேன். கான்வாஸ் துணி, ரெட்டைத் தையல். பட்டைக்குள்ள கையை விட்டுக்கோ கண்ணு, மரத்தைப் பிடிக்காதே. ஆமா, அப்படித்தான். ஆனா ஒண்ணு, நான் இதைத் தைக்கும்போது மேல வீட்டு ஆக்சிஜன் வாத்தியாருக்குன்னு நினைச்சுத் தைச்சேன். நானே இதுல ஏறி உக்காருவேன்னு கனவுலகூட நினைக்கல.

— ஆறாவது மாடி வந்தாச்சு. இறக்கி வைங்க சிஸ்டர், மூச்சு விட்டுக்கலாம். மெதுவா... மெதுவா... அப்படிப் போடு!

— அக்கா, காலைக் கீழ வைக்காதீங்க! நான் உக்காந்துக்கறேன், என் மடியில வைங்க. தரையில படவே கூடாது, சரியா?

— உன் வெள்ளை உடுப்புல ஒட்டிக்கும். நீர் கசியுது.

— ஒட்டட்டும், துவைச்சாப் போயிடும். வலிக்குதாக்கா?

— வலிச்சாத் தேவலையே. வலி நின்னு போனதுதான் எனக்குப் பயமா இருக்கு. அந்த ரெண்டு விரலும் என்னுது மாதிரியே இல்ல. அன்னைக்கு மிஷின்ல உக்காந்திருந்தேன், குண்டூசி ஒண்ணு காலுக்குள்ள ஏறி நிக்குது, எனக்குத் தெரியல. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி பாத்துச் சொல்றா. ஊசியிலயே பொழைக்கிறவளுக்கு ஊசி குத்தினது தெரியல. எங்க போய்ச் சொல்ல?

— என்கிட்டச் சொல்லியிருக்கணும். அன்னைக்கே.

— நீ எதிர் ரோட்டுக் கிளினிக்குல இருக்கே. நான் ஏழாவது மாடியில இருக்கேன். நடுவுல செத்துப் போன லிஃப்ட் ஒண்ணு இருக்கு.

— போன்லயாவது சொல்லியிருக்கலாமே டெய்லரம்மா. நான் டியூட்டி முடிஞ்சு வர்ற வழியில எட்டிப் பாத்திருப்பேன். தினம் உங்க பால்கனிக் கயித்துக் கூடையில துணியைப் போட்டுட்டு, 'அம்மா, இழுங்க'ன்னு கத்திட்டுப் போறேன். மேலேர்ந்து கையை ஆட்டுறீங்க. சரி, அம்மா நல்லா இருக்காங்கன்னு நானும் போயிடறேன்.

— கைதானே தெரியும் கண்டக்டரே, கால் தெரியுமா?

— இனிமே அதைப் பேசி என்ன. அக்கா, கேளுங்க. பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து புண் டாக்டர் வாரத்துல இன்னைக்கு ஒரு மத்தியானம்தான் நம்ம கிளினிக்குக்கு வருவார். காலைலயே போன்ல அவர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டேன். வந்தா முதல் ஆளாப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். இன்னைக்குச் சுத்தம் பண்ணி, அழுகினதை எடுத்துட்டாப் போதும், பாதம் தப்பிச்சிடும். அடுத்த வாரம்னா என்னால சொல்ல முடியாது.

— பாதம் தப்பிச்சிடும்ங்கறே.

— தப்பிச்சிடும்க்கா. தரையில ஊனாம இருந்தா.

— நீங்களே மேல வந்து கட்டு மாத்தக் கூடாதா சிஸ்டர்? அதுக்குத்தானே உங்களைத் 'தொடர்பு நர்ஸ்'னு தனியாப் போட்டாங்க? கிளினிக்கையும் குடியிருக்கிறவங்களையும் கோத்து வைக்கிற வேலைன்னு முதல் நாள் வந்து சொன்னீங்களே.

— வந்திருக்கேனே அண்ணே, இப்ப. சாப்பாட்டு நேரத்துல. யாருக்கும் தெரியாம. கட்டிலோட கிடக்கிறவங்களைத்தான் வீட்டுல போய்ப் பாக்கலாம்னு விதி. அக்கா வீட்டுக்குள்ள நடக்கிறாங்க, மிஷின் மிதிக்கிறாங்க. அதனால அவங்க கிளினிக்குக்கு வரணும். வர முடியலன்னு சொன்னா, 'ஏன், நடக்கிறாங்கதானே'ங்கறாங்க. நம்ம கிளினிக் டாக்டரும் ரெண்டு தடவை மேலிடத்துல கேட்டுப் பாத்துட்டார்.

— நடக்கிறவளுக்கு வைத்தியம் கீழ. நடக்கக் கூடாதுங்கறது வைத்தியம். நல்லா வெட்டியிருக்காங்க துணியை. முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு.

— பேக்கரிக்காரர் வீட்டுல ஆள் இருக்கார் போல. ரேடியோ பாடுது. ஒரு கை பிடிக்கச் சொல்லலாமா? அவருக்கு நெஞ்சு வீக்கு, தூக்க வேணாம். மூத்த பிள்ளை இருந்தாலாவது...

— வேண்டாம் கண்டக்டரே. தட்டாதீங்க.

— ஒரு வாய் தண்ணியாவது கேக்கறேன். ஐயா! பேக்கரி ஐயா! நான்தான், கண்டக்டர்!

— பேக்கரி அண்ணே, நான் கிளினிக் நர்ஸ். உங்க மாத்திரை வந்திருக்கு, வாங்க வரவே இல்லியே நீங்க?

— ...ரேடியோ நின்னுடுச்சு.

— ஆமாண்ணே. நான் குரல் குடுத்ததும் நின்னுடுச்சு. அண்ணே? அண்ணே, உள்ளதானே இருக்கீங்க?

— விடு கண்ணு. தூங்குறாரோ என்னவோ. கண்டக்டரே, தூக்குங்க, போலாம்.

— தூங்கறவர் எழுந்து ரேடியோவை அணைப்பாரா? எனக்கு ஒண்ணும் புரியல. சரி, பிடிங்க சிஸ்டர். ஒண்ணு, ரெண்டு... ரைட்!

— அம்மாடி. மெதுவாப்பா, மெதுவா. நாற்காலி சாயுது.

— சாரிக்கா. நான்தான் சாய்ச்சுட்டேன். கை மரத்துப் போச்சு.

— இதுக்குத்தான் மெக்கானிக்கையும் அவன் தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். நடைக்குழுவுலயே தேக்கு மரம் மாதிரி ரெண்டு பேர். நேத்து வரைக்கும் 'வரோம்ணே'ன்னாங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து போனை எடுக்கல. நேர்ல போய்க் கேட்டா அவங்கம்மா கதவைப் பாதி திறந்து, 'வேலைக்குப் போயிட்டாங்க'ங்கறா. அவன் செருப்பு வாசல்ல கிடக்கு.

— அந்தம்மாவுக்கும் சுகர்தானே அண்ணே? மூணு வாரமா அவங்களும் கிளினிக்குக்கு வரல.

— நடைக்கும் வரல. சிஸ்டர், உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? மருந்துச் சீட்டுல உங்க டாக்டர் மாத்திரைக்குக் கீழயே 'காலை நடை, கண்டக்டரோடு'ன்னு எழுதி அனுப்பினப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மாத்திரைக்குப் பக்கத்துல என்னை எழுதியிருக்கார்! எங்க டெப்போவுல எல்லார்கிட்டயும் காட்டினேன். முற்றத்துல முதல்ல நாலு பேரு, அப்புறம் இடமே பத்தல. இப்ப என்னடான்னா நானும் அந்தக் குடிகாரப் பெயிண்டரும்தான் சுத்திச் சுத்தி வரோம். அவனும் தூக்கம் வராமத்தான் வரான்.

— வெயில் அதிகம்ல. அதான் வராம இருப்பாங்க.

— காலையில எங்கேர்ந்து வெயிலு டெய்லரம்மா?

— அப்ப சோம்பேறித்தனம். விடுங்களேன். பேசிக்கிட்டே இறங்கினாக் கவனம் சிதறும்.

— எனக்கும் அப்படித்தான் அண்ணே. தபால் பெட்டிங்க பக்கத்துல ஞாயித்துக்கிழமை மேசை போட்டு பிரஷர் பாப்பேன்ல? மாடிப்படி வரைக்கும் வரிசை நிக்கும். போன வாரம் நான் மட்டும் உக்காந்திருந்தேன். பைக்குள்ளேர்ந்து மெஷினை எடுக்கவே இல்ல. ஒரு அம்மா படியிறங்கி வந்தாங்க, என்னைப் பாத்தாங்க, எதையோ மறந்த மாதிரி திரும்பி ஏறிட்டாங்க. நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்.

— நீ ஒண்ணும் தப்பாப் பேசல கண்ணு. பிடியைத் தளர்த்தாதே.

— ஹோல்டான். நாலாவது மாடி. இங்க கொஞ்சம் காத்து வரும், இறக்கி வைங்க. காலை என் தோள்ல வைங்க டெய்லரம்மா. கூச்சப்படாதீங்க. தோள்ல பையை மாட்டி மாட்டிக் காப்புக் காய்ச்சுப் போயிருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாது.

— ஒரு ஆம்பளை தோள்ல காலை வச்சுக்கிட்டு... என் மாமியார் இருந்தா இந்நேரம் கண்ணை மூடியிருப்பா.

— அக்கா, காலைக் கொஞ்சம் காட்டுங்க. கட்டு நனைஞ்சிருக்கு... பரவால்ல, இன்னும் சிவப்பு ஏறல. கணுக்காலுக்கு மேல சூடு இல்ல. நல்லது. இன்னும் நேரம் இருக்கு நமக்கு.

— இந்த லிஃப்ட் மட்டும் ஓடினா இதெல்லாம் தேவையா? மழைத் தண்ணி மோட்டாருக்குள்ள போச்சுன்னு சொல்லி நிறுத்தினாங்க. மழை போயி, வெயில் வந்து, அடுத்த மழையும் வரப் போவுது. 'பார்ட்ஸ் வரணும், பார்ட்ஸ் வரணும்'னே சொல்லிட்டிருக்காங்க. நாங்க கையெழுத்து வாங்கிக் குடுத்தோம், கூட்டமாப் போய் நின்னோம். இந்தக் கட்டடத்து மேனேஜர் எங்களை மனுஷங்களாவே மதிக்கல.

— அதான் நானும் டாக்டரும் போனோமே அண்ணே. கவலைப்படாதீங்க. இந்தத் தடவை நடக்கும்.

— என்னதான் ஆச்சு அன்னைக்கு? நான் டியூட்டியில இருந்தேன், முழுசாச் சொல்லவே இல்லியே நீங்க.

— முதல்ல டாக்டர்தான் பேசினார். 'உங்க கட்டடத்துல இருக்கிறவங்கள்ல நிறையப் பேர் எங்ககிட்ட வர்றவங்க, லிஃப்ட் இல்லாம வைத்தியம் நின்னு போகுது'ன்னு பொறுமையா எடுத்துச் சொன்னார். மேனேஜர் தலையை ஆட்டிக்கிட்டே போனை நோண்டிட்டு இருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கல. எழுந்து நின்னுட்டேன். 'சார், இது வெறும் பேச்சில்ல. எட்டாவது மாடியில ஒரு வாத்தியார் ஆக்சிஜன்ல இருக்கார். ஏழாவது மாடியில ஒரு அக்காவுக்குக் கால் போற நிலைமை. ஆறாவது மாடியில ஒருத்தருக்கு நெஞ்சுல ரெண்டு தடவை அடைப்பு. அஞ்சாவது மாடியில ஒரு அம்மாவுக்குச் சுகர் ஏறி மயக்கம் வருது'ன்னு படபடன்னு சொன்னேன். அப்பதான்ணே அந்த ஆளு முகமே மாறிச்சு. போனைக் கீழ வச்சார். ஒவ்வொருத்தரைப் பத்தியும் கேட்டார். எப்படி இருக்காங்க, நடப்பாங்களா, கூட யார் இருக்காங்கன்னு. அவ்வளவு அக்கறையா.

— அப்படிப் போடு! நீங்கதான் சிஸ்டர் ஆளு. நாங்க இத்தனை பேர் போய்க் கிழிக்காததை ஒரே பேச்சுல கிழிச்சுட்டீங்க. என்ன டெய்லரம்மா, நம்ம சிஸ்டர் எப்படி?

— ...ம். நல்ல பொண்ணு.

— 'சீக்கிரமே இதுக்கு ஒரு வழி பண்ணிடறேன்'னு சொல்லி டாக்டருக்குக் கை குடுத்தார் அண்ணே. வெளிய வந்ததும் டாக்டர் என் தலையில தட்டினார். அன்னைக்கு வீட்டுக்குப் போனப்ப என் பொண்ணைத் தூக்கிச் சுத்தினேன். எதுக்கும்மான்னு கேட்டா. ஒரு பெரிய கட்டடமே இனிமே மேலயும் கீழயும் போகப் போகுதுன்னு சொன்னேன்.

— தூக்குங்க. நேரமாகுது.

— என்னாச்சு டெய்லரம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணும் ஆகல. தூக்குங்கன்னா தூக்குங்களேன் கண்டக்டரே.

— சரி, சரி. ரைட். சிஸ்டர், உயரமாப் பிடிங்க, இந்த வளைவுல கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும். துணி மாட்டிக்காம பாத்துக்கோங்க.

— அண்ணே, உங்களுக்கு மூச்சு ரொம்ப வாங்குது. நிக்கலாமா?

— என் வீடு வரட்டும், ரெண்டாவது மாடியில நிக்கலாம். பொண்டாட்டி தண்ணி வச்சிருப்பா. இப்ப நின்னா அப்புறம் எழுந்திருக்க மாட்டேன்.

— உங்களையும் ஒரு நாள் உக்கார வச்சுப் பிரஷர் பாக்கணும்.

— தனியா மேசை போட்டு உக்காந்திருக்கீங்கல்ல, அடுத்த ஞாயிறு நானே வந்து வரிசையில நிக்கறேன். இதோ... இன்னும் ஒரே ஒரு வளைவு... இறக்குங்க, இறக்குங்க. அப்பாடா! வந்துட்டோம். இனி நாற்பது படிகூட இருக்காது. இருங்க, கீழ கூட்டம் இருக்கான்னு எட்டிப் பாக்கறேன்.

— யாராவது இருந்தா ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கண்ணே.

— மேனேஜர் நிக்கிறார் சிஸ்டர். லிஃப்ட் கதவுகிட்டயே. கூட ஒரு புருஷன் பொண்டாட்டி. சாவிக்கொத்தைக் கையில வச்சுக்கிட்டு ஏதோ சொல்லிட்டிருக்கார். வீடு பாக்க வந்தவங்க போல இருக்கு. ஆனா... எந்த வீடு? நம்ம கட்டடத்துல காலியே இல்லியே.

— மேனேஜரா? நல்லதாப் போச்சு! அக்காவை நேர்லயே பாக்கட்டும். 'பாருங்க சார், இப்படித்தான் தூக்கிட்டு வர வேண்டியிருக்கு'ன்னு நானே சொல்றேன்.

— உஷ்! சத்தம் போடாதே கண்ணு. நாற்காலியைப் பின்னாடி இழுங்க. இழுங்க கண்டக்டரே, அந்த ஆளு கண்ணுல பட வேணாம்.

— ஏன்க்கா?

— எந்த வீடுன்னு கேட்டீங்களே கண்டக்டரே. என்னுது. இல்லன்னா பேக்கரிக்காரருது. இல்லன்னா வாத்தியாருது. எது முதல்ல காலியாகுதோ அது.

— என்ன சொல்றீங்க?

— நீங்க ஆபீசுக்குப் போயிட்டு வந்த மறுநாளே அந்த ஆளு மேல ஏறி வந்தான் கண்ணு. லிஃப்ட் நின்னதுலேர்ந்து ஒரு தடவைகூட ஏறாதவன், அன்னைக்கு எட்டு மாடியும் ஏறினான். வீடு வீடா. நீ சொன்ன அதே வீடுங்க.

— எதுக்கு?

— ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். உக்காந்து தண்ணியெல்லாம் குடிச்சான். 'உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். உங்களுக்கு என்ன வியாதின்னு இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது. இப்ப கிளினிக்லேர்ந்தே வந்து சொல்லிட்டாங்க. தெரிஞ்ச பிறகும் உங்களை மேல வச்சிருந்து ஏதாவது ஆச்சுன்னா பழி எங்க தலையில விடியும். சொந்தக் கால்ல ஏறி இறங்குறவங்க தாராளமா இருக்கட்டும். முடியாதவங்க கீழ்வீடு இருக்கிற இடமாப் பாத்துக்கோங்க'ன்னான். லிஃப்ட் என்னாச்சு சார்னு கேட்டேன். அது தன்னால வரும்னு சொன்னான்.

— அவன் என்ன பெரிய... இருங்க, நான் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிச்சு ரெண்டு கேக்கறேன்.

— இதுக்குத்தான் உங்ககிட்ட யாரும் சொல்லல கண்டக்டரே. நீங்க சட்டையைப் பிடிப்பீங்க, அவன் போலீசைக் கூப்பிடுவான். நீங்க இருக்கிறது ரெண்டாவது மாடி, உங்களை அவன் தொடல. வேலையும் போயி வீடும் போயி நிக்கவா?

— நான்... நான் லிஃப்ட்டுக்காகத்தானே சொன்னேன். அக்கா, அவர் அக்கறையாக் கேட்டார்க்கா. கூட யார் இருக்காங்கன்னு கேட்டார்.

— தெரியும் கண்ணு. நீ எங்களுக்காகத்தான் பேசினே. வேற யாரு எங்களுக்காக எழுந்து நின்னா? உன்மேல யாருக்கும் கோவம் இல்ல. பயம்தான். கிளினிக் வாசல்ல நின்னா வியாதிக்காரின்னு தெரிஞ்சிடும். நடைக்குழுவுக்குப் போனா, டாக்டர் அனுப்பின ஆளுன்னு தெரிஞ்சிடும். உன் மேசைகிட்ட வந்து கையை நீட்டினா முடிஞ்சுது. அதான் கதவைச் சாத்திக்கிட்டு ரேடியோவை அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க.

— பேக்கரி அண்ணனுக்கு மாத்திரை தீந்து போயிருக்கும். அவர் நிறுத்தக் கூடாதுக்கா. நிறுத்தினா...

— அவருக்கும் தெரியும்.

— அவங்க முற்றத்துல நடக்க வராததுக்கு நான் என்னென்னவோ திட்டினேனே. சோம்பேறிங்கன்னு, உருப்பட மாட்டாங்கன்னு. மெக்கானிக் அம்மா கதவைப் பாதிதான் திறந்தா. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

— அப்ப நீங்க மட்டும் ஏன்க்கா இன்னைக்கு வந்தீங்க? கதவைத் திறக்காமலே இருந்திருக்கலாமே.

— திறக்கக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். நீ வந்து நின்னே. சாப்பிடாம ஏறி வந்திருக்கே, பேச முடியல உனக்கு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறே. 'அக்கா, புண் டாக்டர் வந்திருக்கார்'ங்கறே. என்னவோ உன் காலுக்குத்தான் வியாதி மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் முகத்துல. உன்னைத் திருப்பி அனுப்ப மனசு வரல. இவர் வேற நாற்காலியோட வந்து நிக்கிறார்.

— பின்வாசல் வழியாப் போலாமா சிஸ்டர்?

— அது பூட்டிக் கிடக்குண்ணே. சாவியும் அவர்கிட்டதான்.

— அப்ப அவங்க போற வரைக்கும் என் வீட்டுல உக்காந்திருக்கலாம்.

— புண் டாக்டர் கிளம்பிடுவார் அண்ணே. அவர் வண்டி காத்துக்கிட்டு நிக்குது. அவங்களோ வீடு பாக்க வந்தவங்க. படியேறித்தான் வருவாங்க. இந்தப் படியிலதான்.

— அப்ப இப்படியே போலாம். தூக்கிட்டே போலாம். பாத்தாப் பாக்கட்டும், பாத்துக்கலாம்!

— என்ன பாத்துக்குவீங்க? என்னை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வர்றதை அவன் கண்ணால பாத்துட்டா இன்னைக்கே என் மிஷின் தெருவுல கிடக்கும். அவன்கிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? 'நர்ஸ் ஆள் மாத்திச் சொல்லிட்டா சார், எனக்கு ஊசி குத்தின காயம்தான், நல்லா நடக்கறேன்'னேன். 'பாக்கலாம்'னு சொல்லிட்டுப் போயிருக்கான்.

— நானும் போய்ச் சொல்றேன்க்கா. நான் ஆள் மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்றேன்.

— உன் பேச்சை அவன் நம்ப வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே நம்பிட்டான் கண்ணு. இனிமே கண்ணால பாத்தாத்தான் மாறுவான். என் செருப்பு எங்க?

— எதுக்கு?

— பையில இருக்கும். கட்டு மேலயே தளர்வா மாட்டலாம். பாவாடை தரை வரைக்கும் வருது, கட்டு தெரியாது. நானே தைச்சது, ஒரு விரல் நீளமாத்தான் இருக்கும்.

— அக்கா, வேண்டாம். கெஞ்சிக் கேக்கறேன். தரையில ஊனினா புண் உள்ள திறந்துக்கும். இன்னும் ரத்தம் ஓடுற இடத்தையும் நசுக்கிடும். விரலோட நிக்காது, பாதமே... நான் சொல்றது புரியுதா? படி முழுக்க, முற்றம் முழுக்க, ரோட்டைத் தாண்டி...

— புரியுது. நீதானே சொல்லிக் குடுத்தே. கால் இருந்து வீடு இல்லன்னா எங்க கொண்டு போய் ஊனறது கண்ணு? என் வாடிக்கைக்காரங்க எல்லாம் இந்த ஒரே கட்டடத்துல இருக்காங்க. வேற ஊர்ல போய் யாரு என் கூடையில துணி போடுவா?

— டெய்லரம்மா, நான் சுமக்கறேன். முதுகுல ஏறிக்கோங்க. கீழ் வளைவு வரைக்குமாவது.

— வளைவு வரைக்கும்தான் முடியும். அப்புறம் அவன் கண்ணு. சரி, அதுவரைக்கும் தூக்குங்க. பாவம், உங்களை அழவும் வச்சுட்டேன். துடைச்சுக்கோங்க. சிவந்த கண்ணோட இறங்கினாச் சந்தேகப்படுவான்.

— சிஸ்டர், ஏதாவது சொல்லுங்களேன். நீங்க நர்ஸு. வேண்டாம்னு சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாங்க.

— ...செருப்பைக் குடுங்கண்ணே.

— சிஸ்டர்!

— நானே மாட்டி விடறேன். அவங்க மாட்டினாக் கட்டு நகரும். அக்கா, குதிகால்ல மட்டும் ஊனுங்க. விரல் பக்கம் பாரம் போடாதீங்க. வேகமாவும் வேண்டாம், ரொம்ப மெதுவாவும் வேண்டாம். தாங்கித் தாங்கி நடக்காதீங்க. என் கையைப் பிடிச்சுக்கலாம், சிநேகிதிங்க மாதிரி. சரியா?

— சரி கண்ணு.

— அண்ணே, தூக்குங்க... வளைவு வந்தாச்சு, இறக்கி வைங்க. இந்தாங்கக்கா, ஏந்திரிங்க. அண்ணே, நீங்க நாற்காலியைத் தலையில கவுத்து வச்சுக்கிட்டு முன்னாடி போங்க.

— நான் என்னன்னு சொல்றது?

— ஏதாவது. உங்களுக்குச் சொல்லியா தரணும்.

— வழி, வழி! வணக்கம் சார்! கால் ஆடுது இந்த நாற்காலிக்கு, ஆசாரிகிட்டக் கொண்டு போறேன்! வழி விடுங்க!

— இன்னும் கொஞ்சம்தான்க்கா. சிரிச்சுக்கிட்டே வாங்க. என்னைப் பாத்து ஏதாவது பேசுங்க.

— ஒண்ணுமே தெரியல கண்ணு. நிஜமா. பஞ்சு மேல நடக்கிற மாதிரிதான் இருக்கு. ஆனா செருப்புக்குள்ள ஈரமா இருக்கு.

— வணக்கம் சார். யாரு, டெய்லரக்காவா? அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், நான்தான் அன்னைக்கு ஆள் மாத்திச் சொல்லிட்டேன். கிளினிக் ஜன்னலுக்குத் திரை தைக்கணும், அளவெடுக்கக் கூட்டிட்டுப் போறேன்.